கால் கழுவக் கற்ற கதை

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாக வகுத்தபோது இடக்கரடக்கலை முதலில் வைத்தார். பள்ளியில் அதற்குக் காட்டப்படும் எடுத்துக்காட்டு எல்லார்க்கும் நினைவிருக்கும்: கால் கழுவி வந்தேன். அவையில் சொல்லக் கூசுவதைப் பிறிதொரு சொல்லால் மறைத்துக் கூறும் மரபில் வந்த நமக்கு, இக்கட்டுரையின் பொருளை எங்கிருந்து தொடங்குவது என்பதில் சற்றுத் தயக்கம் இருக்கவே செய்தது. ஆயினும், குழந்தையை மலசலம் கழிக்கப் பழக்குவது என்னும் இச்சிறு வீட்டுக் காரியத்தின் பொருட்டு ஓர் அரசாங்கம் நூல் அச்சிட்டிருக்கிறது; ஓர் உளவியலாளர் குழந்தையைத் தனியறையில் வாரால் பிணித்து வைக்கச் சொல்லியிருக்கிறார்; ஒரு மானிடவியலாளர் ஒரு தேசத்தின் போர்க்குணத்துக்கே இதில் காரணம் கண்டிருக்கிறார். இவை யாவும் கடந்த நூற்றாண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தவை. அவ்வளவு இறுக்கத்துக்குப் பின், 'குழந்தை தானே ஆயத்தமாகட்டும், பொறுத்திருப்போம்' என்னும் இளகிய முறை அங்கே எவ்வாறு தோன்றியது என்பதே நாம் காணப் புகுவது.

1894இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் எம்மெட் ஹோல்ட், தாய்மாருக்கும் செவிலியருக்குமென வினா-விடை வடிவில் ஒரு கையேடு வெளியிட்டார். மூன்று மாதக் குழந்தையைச் சிறு சட்டியின் மேல் குறித்த வேளையில் இருத்திப் பழக்கிவிடலாம் என்றது அந்நூல். இன்று படிக்கும்போது வியப்பாகத் தோன்றலாம். அக்காலத்து வீட்டை நினைத்துப் பார்த்தால் அவ்வளவு வியப்பில்லை. துணிகளைத் தண்ணீர் காய்ச்சிக் கையால் வெளுக்க வேண்டும். கோடைதோறும் வயிற்றுப்போக்கு குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. 1915ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பிறந்த 1000 குழந்தைகளுள் ஏறத்தாழ 100 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. அழுக்குத் துணி ஒன்று குறைந்தாலும் அது தாய்க்கு ஆறுதல்தான்.

1912இல் அமெரிக்க நடுவணரசு குழந்தைகள் நலத்துக்கெனத் தனிப் பணியகம் ஒன்றை நிறுவியது. அதன் வெளியீடாக 1914இல் 'குழந்தைப் பராமரிப்பு' என்னும் சிறுநூல் வந்தது. எழுதியவர் மேரி மில்ஸ் வெஸ்ட். ஐந்து பிள்ளைகளின் தாய். நூலின் அட்டையில் கணவர் பெயரோடு சேர்த்துத் திருமதி மாக்ஸ் வெஸ்ட் என்றே அச்சிட்டார்கள். பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பெற்று, இலட்சக்கணக்கான வீடுகளைச் சென்றடைந்த இந்நூலே நம் வரலாற்றின் முதன்மைச் சான்று. மார்த்தா வுல்ஃபன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர் 1950களின் தொடக்கத்தில் இதன் பதிப்புகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுக் காட்டினார். ஒரே நூல், ஒரே தலைப்பு, ஒரே அரசு. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் அதன் குரல் அடையாளம் தெரியாமல் மாறிப்போகிறது. மூலபாடத்தைப் பதிப்பு வாரியாக ஒப்பிடும் பழக்கமுள்ளவர்களுக்கு இது சுவையான வேலை.

1914ஆம் ஆண்டுப் பதிப்பு மூன்றாம் மாதத்திலோ அதற்கு முன்னரோ தொடங்கலாம் என்றது. குரலில் கனிவு இருந்தது. 1929இல் கண்டிப்பு உச்சத்தை எட்டியது. எட்டாம் மாதத்துக்குள் மலப்பயிற்சி முடிந்துவிட வேண்டும். 1930களின் பதிப்பொன்று, நாள்தோறும் உட்கார வைக்கும் நேரம் ஐந்து நிமிடங்கூடப் பிசகலாகாது என்றது. குழந்தை அவ்வேளைக்கு இசையாவிட்டால், சோப்பைச் சிறு குச்சியாகச் சீவி ஆசனவாயில் செருகிப் பழக்கப்படுத்தும் முறையும் அந்நாளில் பரிந்துரைக்கப்பட்டது.

இந்தக் கடிகார வழிபாட்டுக்கு அறிவியல் பூச்சுக் கொடுத்தவர் ஜான் வாட்சன். நடத்தையியலின் தந்தை என்று பாடநூல்கள் போற்றும் அதே வாட்சன். 1928இல் வெளிவந்த அவருடைய குழந்தை வளர்ப்பு நூல், பிள்ளைகளைக் கட்டியணைக்கவும் முத்தமிடவும் வேண்டாம் என்று தாய்மாரை எச்சரித்தது. எட்டு மாதம் முதல் குழந்தையைத் தனி இருக்கையில் வாரால் பிணித்து, விளையாட்டுப் பொருள் ஏதுமின்றி, குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட வேண்டுமாம். பிள்ளைத்தமிழில் முத்தப் பருவம் பாடிய நம் புலவர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ தெரியவில்லை. அந்நூலை அவர், மகிழ்ச்சியான பிள்ளையை முதன்முதலாக வளர்த்துக் காட்டப்போகும் தாய்க்குக் காணிக்கையாக்கியிருந்தார். அதுவரை பிறந்த தாய்களில் ஒருத்தியும் தேறவில்லை என்பது அதன் உட்பொருள்.

சில மாதக் குழந்தை 'பழகிவிட்டது' என்று அக்காலத்துத் தாய்மார் நம்பியது எப்படி? பால் குடித்து வயிறு நிறைந்ததும் குடல் அசைவது உடம்பின் இயல்பான அனிச்சைச் செயல். ஆகவே பாலூட்டிய கையோடு சட்டியில் இருத்தினால் பல நாள் பலன் கிடைக்கும். உண்மையில் பழகியவள் தாய், குழந்தை அன்று. ஓராண்டு கடந்து நடக்கத் தொடங்கியதும், அதே குழந்தை இருக்கையைக் கண்டாலே உடம்பை விறைத்துக்கொண்டு மறுக்கும்; எழுந்து போய் மூலையில் கழிக்கும். கையேட்டின்படி எட்டு மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம் ஒன்றரை வயதில் சிதைந்துபோகும்போது தாய்க்கு வரும் குற்றவுணர்வை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அடி வாங்கிய பிள்ளைகளை எந்தப் பதிப்பும் கணக்கெடுக்கவில்லை.

இந்நம்பிக்கையை முதலில் அசைத்தது கருணையன்று, ஒரு சோதனை. மிர்ட்டில் மெக்ரா என்னும் பெண் ஆய்வாளர் நியூயார்க்கில் ஒருகருவில் தோன்றிய இரட்டையரை எடுத்துக்கொண்டார். ஒரு பிள்ளையைச் சின்னஞ்சிறு வயது முதல் நாள்தோறும் பலமுறை சட்டியில் இருத்தினார். உடன்பிறந்த மற்றதை இரண்டு வயது நெருங்கும்வரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார். பின்னர்த் தொடங்கிய பிள்ளை வந்த வேகத்திலேயே முன்னதை எட்டிப்பிடித்தது. 1940இல் வெளியான இம்முடிவு சொன்னது ஒன்றுதான்: நரம்புகள் முதிரும் வரை அத்தனை மாத உழைப்பும் வீண். கட்டுப்படுத்தும் ஆற்றல் பற்களைப்போல் தன் காலத்தில் வருவது.

1946இல் பெஞ்சமின் ஸ்பாக்கின் நூல் வந்தது. குழந்தை மருத்துவரான அவர் உளப்பகுப்பிலும் பயிற்சி பெற்றவர். உங்களுக்குத் தெரிந்தது நீங்கள் எண்ணுவதைவிட அதிகம் என்று தாய்மாரிடம் பேசத் தொடங்கிய அந்நூல், இந்தப் பயிற்சியிலும் போராட்டத்தை விலக்கச் சொன்னது. அரசின் கையேடும் பின்தொடர்ந்தது; அதன் 1951ஆம் ஆண்டுப் பதிப்பில், ஒன்றரை வயது, இரண்டு வயது என்று பொறுத்திருக்கும் கனிவைக் காண்கிறோம்.

ஆனால் உளப்பகுப்பு தாய்மாரின் ஒரு சுமையை இறக்கி வேறொன்றை ஏற்றிவிட்டது என்றே நாம் கருதுகிறோம். மலம் கழிக்கும் பருவத்து அனுபவமே பிற்காலத்தில் ஒழுங்கு, சிக்கனம், பிடிவாதம் ஆகியவற்றுக்கு வித்து என்று பிராய்டு 1908இல் எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு, போர்க்காலத்தில் சிலர் எங்கெங்கோ போனார்கள். ஆங்கிலேய மானிடவியலாளர் ஜெஃப்ரி கோரர் 1943இல், ஜப்பானியப் படைவீரர்களின் கொடுமைக்கு அவர்கள் குழந்தைப் பருவத்தில் பெற்ற கடுமையான மலப்பயிற்சியே அடிப்படை என்று எழுதினார். போர் முடிந்தபின் ஜப்பானியக் குடும்பங்களை நேரில் ஆராய்ந்தவர்கள் அப்படியொரு கடுமையைக் காணவில்லை. 1952இல் வில்லியம் சீவெல், விஸ்கான்சின் மாநிலத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள் 162 பேரை ஆராய்ந்து, பயிற்சியின் தன்மைக்கும் பிள்ளையின் ஆளுமைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் இல்லை என்று காட்டினார். ஆயினும் ஒரு பெரிய கோட்பாட்டை 162 உழவர் பிள்ளைகளா வெல்ல முடியும்? 'சட்டியில் செய்த தவறு ஆயுளுக்கும் நிற்கும்' என்னும் அச்சம் வீடுகளில் தங்கிவிட்டது.

இங்கேதான் பெரி பிரேசல்டன் வருகிறார். 1918இல் டெக்சஸ் மாநிலத்தில் பிறந்தவர். மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் குழந்தை மருத்துவம் பார்த்தவர். 1951 முதல் 1961 வரை தம்மிடம் வந்த 1170 குழந்தைகளின் பதிவுகளைத் தொகுத்து 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் சொன்ன முறையைச் சற்று விரித்துரைப்பது தகும். அதன் நயம் முழுவதும் சிறு செய்கைகளில் இருக்கிறது.

குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்றரை வயதானதும், தரையில் வைக்கும் சிறு இருக்கை ஒன்றை வாங்கி, இது உன்னுடையது என்று கொடுத்துவிட வேண்டும். பெரியவர் கழிப்பறையின் உயரத்தில் கால் தொங்க உட்கார வைப்பதில்லை. கால் தரையில் ஊன்ற வேண்டும், வேண்டியபோது எழுந்து ஓட முடிய வேண்டும். முதலில் நாளுக்கு ஒருமுறை, உடை அவிழ்க்காமலே உட்கார்ந்தால் போதும். பழக்கமில்லாத குளிர்ந்த இருக்கை வெற்றுடம்பில் பட்டால் குழந்தை மிரளும் என்பதே காரணம். ஒரு வாரம் சென்றபின் உடையின்றி உட்காரலாம். ஏதும் கழிக்க வேண்டுமென்று எதிர்பார்ப்பில்லை. அடுத்து, அழுக்கான இடுப்புத்துணியில் உள்ளதைக் குழந்தையின் கண்ணெதிரே அந்த இருக்கைக்குள் கொட்டி, இது போக வேண்டிய இடம் இது என்று காட்ட வேண்டும். அதன்பின் சிறு சிறு பொழுதுகள் இடுப்புத்துணியின்றி விளையாட விட்டு, இருக்கையை அருகில் வைத்துவிட வேண்டும். விரும்பினால் போகட்டும். எந்தப் படியிலாவது குழந்தை மறுத்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சில வாரம் மறந்துவிட வேண்டும். இரவுப் பழக்கம் கடைசியில்.

பகலில் நனைக்காமல் இருக்கும் நிலையை அக்குழந்தைகள் சராசரியாக 28.5 மாதத்தில் அடைந்தார்கள். இரவும் பகலும் சேர்ந்து 33.3 மாதத்தில். ஐந்து வயதுக்குப் பிறகும் படுக்கை நனைத்தல், மலச்சிக்கல் முதலிய தொல்லைகள் எஞ்சியவர் நூற்றுக்கு 1.4 பேர். ஒப்பிட்டு நோக்க வேறு முறையில் வளர்ந்த குழந்தைகள் இந்த ஆய்வில் இல்லை. பெற்றோரில் பெரும்பாலோர் வசதியும் கல்வியும் உடையவர்கள். ஆகவே இதைத் தீர்ந்த முடிவாகக் கொள்வதற்கில்லை. ஆனால் 1951-52இல் பாஸ்டன் பகுதித் தாய்மார் 379 பேரிடம் சியர்ஸ் குழுவினர் கேட்டறிந்தபோது, பயிற்சி சராசரியாக 11 மாதத்தில் தொடங்கி 18 மாதத்தில் முடிந்ததாகத் தெரிந்தது. பிரேசல்டனின் குழந்தைகள் அவர்களைவிடப் பல மாதங்கள் தாமதித்தார்கள். அதனால் அவர்களுக்குத் தீங்கு வந்ததாகத் தெரியவில்லை. தாய்மாருக்கு வேண்டியிருந்த செய்தி இதுவே.

பின்னர் சூரிச்சிலிருந்து வலுவான துணை கிடைத்தது. ரெமோ லார்கோவும் அவர் குழுவினரும் சுவிட்சர்லாந்தில் இரு தலைமுறைக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். 1950களில் பிறந்தவர்களுள் நூற்றுக்கு 96 பேருக்கு முதல் ஆண்டுக்குள்ளேயே பயிற்சி தொடங்கியிருந்தது. அடுத்த தலைமுறையில் தொடக்கம் ஓராண்டுக்கும் மேல் தள்ளிப்போயிற்று. இரு தலைமுறைகளும் கட்டுப்பாடு பெற்ற வயதில் இந்த மாற்றம் வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்று 1996இல் அவர்கள் எழுதினார்கள். மெக்ரா இரட்டையரிடம் கண்டதையே இவர்கள் ஒரு நகரத்தில் கண்டார்கள்.

இளகிய முறைக்கு ஏட்டறிவு மட்டும் துணை நின்றது என்று சொன்னால் வரலாறு நம்மை நகைக்கும். பேத்தியின் துணியை அலசி அலுத்த விக்டர் மில்ஸ் என்னும் வேதிப்பொறியாளரின் முயற்சியில் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் பாம்பர்ஸ் என்னும், ஒருமுறை அணிந்து எறியும் டயபரை 1961இல் சந்தைக்குக் கொணர்ந்தது. பிரேசல்டனின் கட்டுரைக்கு ஓராண்டு முன்பு! துணி வெளுக்கும் இயந்திரமும் இந்த டயபரும் இல்லாத வீட்டில் இரண்டரை வயது வரை பொறுத்திருப்பது யாருடைய இடுப்பை ஒடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1998இல் பெரிய குழந்தைகளுக்கான ஆறாம் அளவு டயபருக்குப் பிரேசல்டனே விளம்பரத்தில் தோன்றினார். பொறுத்திருக்கச் சொன்னவரே டயபர் விற்கிறார் என்று பத்தி எழுத்தாளர் ஜான் ரோஸ்மண்ட் சாட, 1999இல் அச்சண்டை நியூயார்க் டைம்ஸ் இதழுக்கு வந்தது. விளம்பரத்துக்குப் பல்லாண்டு முன்பே பிரேசல்டன் தம் கருத்தைச் சொல்லிவிட்டார் என்பது உண்மை. ஆனாலும் அவ்விளம்பரம் வேண்டாத வேலை.

2003இல் பிலடெல்பியா ஆய்வாளர்கள், 27 மாதத்துக்கு முன்பு தீவிரப் பயிற்சியைத் தொடங்குவதால் முன்னதாக முடிந்துவிடுவதில்லை என்றார்கள். அதேவேளை, முன்னதாகத் தொடங்கியதால் மலச்சிக்கல் போன்ற கேடுகள் விளையவில்லை என்றும் கண்டார்கள். இரண்டாவது செய்தியைப் பொறுமைக் கட்சியினர் எடுத்துச் சொல்வது அரிது.

இங்கே நாம் ஆப்பிரிக்காவுக்குச் செல்ல வேண்டியிருக்கிறது. கிழக்காப்பிரிக்கக் கடற்கரையில் வாழும் திகோ மக்களைப் பற்றி டிவ்ரீஸ் இணையர் 1977இல் ஓர் ஆய்வு எழுதினார்கள். பிரேசல்டனின் கட்டுரை வந்த அதே மருத்துவ இதழில். திகோ தாய் குழந்தை பிறந்து இரண்டு மூன்று வாரங்களிலேயே தொடங்கிவிடுகிறாள். சிறுநீருக்கு, வெளியே தரையில் கால் நீட்டி அமர்ந்து, குழந்தையைத் தன் கால்களுக்கிடையே சாய்த்துக்கொண்டு மெல்ல ஒலியெழுப்புகிறாள். மலத்துக்கு, முழங்காலைச் சற்று மடக்கி, சேர்த்து வைத்த தன் பாதங்களின்மேல் குழந்தையைத் தன்னைப் பார்த்தவாறு இருத்திக்கொள்கிறாள். குழந்தை போனதும் அணைப்பும் பாலும் கிடைக்கின்றன. ஐந்தாறு மாதத்தில் அக்குழந்தை தாய்க்குக் குறிப்புக் காட்டக் கற்றுக்கொள்கிறது.

கடிகாரம் இல்லை, சோப்புக் குச்சி இல்லை, சாத்திய கதவும் இல்லை. வயதைப் பார்த்தால் வாட்சனைவிட முந்தியது; செய்கையைப் பார்த்தால் பிரேசல்டனுக்கு நெருக்கமானது. அந்தப் பாத இருக்கையை விளக்கும் பகுதியைப் படித்தபோது நமக்கு எந்தப் படமும் தேவைப்படவில்லை. கொல்லைப்புறத்தில் கால் நீட்டி அமர்ந்து, பாதங்களின்மேல் பேரனை இருத்தி, அவனுக்கு 'ஆய்' வரும்வரை அடுத்த வீட்டாளோடு ஊர்க்கதை பேசும் பாட்டியைப் பார்க்காதவர் நம்முள் எத்தனை பேர்?