கோர்மிர்: செழிப்புக்கு முந்தின காடு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுற எங்களுக்குக் கோர்மிர் பிடிச்ச நாடு. எட் கிறீன்வூட் படைத்து, 1987இல் விளையாட்டுத் தொகுப்பாக வெளிவந்த ஃபொகொட்டன் றெல்ம்ஸ் உலகின் செழிப்பான ராச்சியம் அது. துறைமுகத் தலைநகர் சுசேல், நல்ல விளைநிலம், ஊதா டிராகன் படை, எல்லாம் இருக்கு. ஊருக்குள் வாளை உறையோடு கட்டவேணும். ஆயுதத்தோடு கூட்டமாகத் திரிய அரச பட்டயம் வேணும். ஒழுங்கான நாடு என்றுதான் நினைச்சோம்.

பிறகு அதன் வரலாற்றை வாசிச்சோம். அந்த மண் முதலில் எல்ஃப்களின் வேட்டைக்காடு. மனிதர் வந்து குடியேறினார்கள். அவ்வுலகக் கணக்கில் 26ஆம் ஆண்டு, முதல் அரசனுக்கு முடிசூட்டியதே எல்ஃப்கள்தான். பிறகு அவர்கள் மெல்ல விலகிப் போனார்கள். மிஞ்சின காட்டுக்கு இப்போது பெயர் ‘அரசனின் காடு’.

எங்களிடம் பட்டயம் கேட்கிற அரசிடம் அடுத்த ஆட்டத்தில் நாங்களும் கேட்கப்போறோம்: உங்களுக்கு முடி தந்தவர்கள் எங்கே?