மீட்டரில் அளந்த மூச்சு

நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் குறுகி, அழுத்தம் ஏறி, வலது பக்க இதயம் தளர்ந்துபோகும் நோய்க்கு இன்று பல மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே பரீட்சையில் தேறித்தான் சந்தைக்கு வந்தன: ஆறு நிமிடத்தில் நோயாளி எத்தனை மீட்டர் நடக்கிறார் என்ற பரீட்சை. இந்த அளவுகோல் நோயாளி கேட்டு வந்ததல்ல. அமெரிக்க விமானப்படை வீரர்களின் உடல்திறனை அறிய 1968இல் கென்னத் கூப்பர் வகுத்த 12 நிமிட ஓட்டம்தான் இதன் மூதாதை. 1976இல் பிரிட்டனில் நாள்பட்ட மார்ச்சளிக்காரர்களுக்காக அது 12 நிமிட நடையானது. அதுவும் அவர்களைக் களைப்படையச் செய்ததால் 1982இல் ஆறு நிமிடமாகக் குறைந்தது. செலவில்லை, கருவி வேண்டாம் என்பதால் நிலைத்துவிட்டது.

பரீட்சை நடக்கும் விதத்தைப் பாருங்கள். 30 மீட்டர் தாழ்வாரம், இரு முனையிலும் திரும்புவதற்கு அடையாளக் கூம்பு. மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. நிமிடத்துக்கு ஒருமுறை ஊக்கம் சொல்லலாம், அதுவும் விதிமுறையில் எழுதிவைத்த சொற்களில்தான். இதற்குப் பெரும் மதிப்பு வந்தது 1996இல். எபோப்ரோஸ்டினால் மருந்தை 81 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களின் நடை 315 மீட்டரிலிருந்து 362 ஆனது. பெறாதவர்களுக்கு 270இலிருந்து 204ஆகக் குறைந்தது. இறந்த எட்டுப் பேரும் மருந்து பெறாதவர்கள். 1980களில் அமெரிக்கப் பதிவேடு ஒன்றில் இடம்பெற்ற நோயாளிகளில் பாதிப் பேர், நோய் உறுதியான பின் 2.8 ஆண்டுகள்கூட வாழவில்லை. அந்த இருட்டில் மீட்டரும் உயிரும் ஒரே பக்கம் காட்டியது பெரிய ஆறுதல். ஆனால் அந்த மருந்தோடு வாழ்வது எப்படி என்பதை மீட்டர் சொல்லவில்லை. நெஞ்சில் நிரந்தரமாகப் பதித்த குழாய், இடுப்பில் இரவும் பகலும் ஓடும் பம்ப், நாள்தோறும் கலக்கவேண்டிய மருந்து, குழாய் வழியே கிருமி புகுமோ என்ற பயம். பம்ப் நின்றால் சில நிமிடங்களில் மருந்தின் வேகம் அடங்கிவிடும்.

பிறகு வந்த மாத்திரைகளும் இதே வழியில்தான் வந்தன. போசென்டான் 44 மீட்டர், சில்டெனாஃபில் 45 முதல் 50 மீட்டர். நடை கூடினால் ஆயுளும் கூடும் என்ற நம்பிக்கையை 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு ஆட்டிவைத்தது: நடையில் வந்த மாற்றத்தை வைத்து மரணத்தையோ மருத்துவமனைச் சேர்க்கையையோ கணிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு மாசிடென்டான் ஆய்வு 742 பேரிடம், நோய் முற்றும்வரை அல்லது மரணம்வரை எத்தனை காலம் என்று எண்ணியது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் அது கெட்டது நடந்த நாளைக் குறிக்கும் கணக்கு. இடைப்பட்ட நாட்கள் எப்படிக் கழிந்தன என்று கேட்கவில்லை.

கேட்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. 2006இல் கேம்பிரிட்ஜில் ‘கேம்ஃபர்’ வினாத்தாள் வந்தது. 2014இல் பத்தே கேள்விகளில் ‘எம்ஃபசிஸ்-10’. பேச்சின் நடுவே மூச்சு முட்டுகிறதா, ஒரு மாடி ஏற முடிகிறதா, வீட்டாருக்குப் பாரமாகிவிட்டோம் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் அது கேட்கிறது. மனநிலையைப் பொறுத்து பதில் மாறுமே, இது விஞ்ஞானமா என்பார்கள். நடை மட்டும் மாறாததா? முழங்கால் வலி, உயரம், வயது, அன்றைய உற்சாகம் எல்லாம் மீட்டரையும் மாற்றும். இரண்டாம் முறை நடப்பவர் பழக்கத்தாலேயே கொஞ்சம் கூடுதலாக நடப்பார். வலுவான மறுப்பு வேறொன்று: அரிய நோய், ஆட்கள் குறைவு, மரணத்துக்காகக் காத்திருக்கும் ஆய்வு நடத்தக்கூடாது. உண்மை. அதனால்தான் நடையைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. வினாத்தாளையும் அதற்குச் சமமாக உட்காரவையுங்கள் என்கிறேன்.

2023இல் சோட்டாடெர்செப்ட் ஊசியை 323 பேரிடம் சோதித்தபோதும் முதல் அளவுகோல் நடைதான். 24 வாரத்தில் வித்தியாசம் 40.8 மீட்டர். இரண்டாம் வரிசை அளவுகோல்கள் ஒன்பதில் எட்டு தேறின. தேறாத அந்த ஒன்று, சிந்தனையையும் மனதையும் இந்த நோய் எவ்வளவு வாட்டுகிறது என்று நோயாளியிடமே கேட்ட பகுதி.