பயணச்சீட்டுகளின் இசை

நோர்வேயின் மின்னிசையைப் பற்றி வெளிநாட்டார் எழுதத் தொடங்கினால் பனியிலிருந்துதான் தொடங்குவார்கள். நீண்ட இரவு, தனிமை, உறைந்த மலைகள். இவை தாமாகவே மின்கம்பிகளுக்குள் புகுந்து இசையாகிவிட்டன என்பது போல. பனிதான் காரணமென்றால், எண்பதுகளில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் குளிரில் நின்று மீன் வெட்டிய நம்மவர்களும் ஆளுக்கொரு இசைத்தட்டு வெளியிட்டிருக்க வேண்டும். இந்த இசையின் வரலாற்றைக் கிளறிப் பார்த்தால் பனியைவிட அதிகமாகத் தட்டுப்படுபவை பயணச்சீட்டுகளே.

முதலாவது சீட்டு வார்சோவுக்கானது. 1931இல் லார்விக்கில் பிறந்த ஆர்னெ நூர்ட்ஹைம் மின்னொலிகளைக் கொண்டு இசையமைக்க விரும்பியபோது, ஒஸ்லோவில் அதற்குப் போதிய வசதிகொண்ட ஒலிக்கூடம் இருக்கவில்லை. போலந்து வானொலியோ 1957இலேயே ஒரு பரிசோதனை ஒலிக்கூடத்தைத் திறந்திருந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் அவர் அங்கு போனார். எயுகெனியுஸ் ருட்னிக் என்ற ஒலிப் பொறியியலாளரோடு இருந்து ஒலிநாடாவை வெட்டி ஒட்டினார், வேகத்தை மாற்றினார், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். 1968இல் ஒஸ்லோவுக்கு அருகே ஹெவிக்கொட்டனில் ஹென்னி-ஊன்ஸ்டா கலை மையம் திறக்கப்பட்டபோது ஒலித்த அவருடைய 'சொலித்தேர்' அப்படிப் பிறந்தது. 1970இல் அவர் உருவாக்கிய 'பாச்செ', மனித உரிமைகளுக்கான உலகப் பிரகடனத்தை வாசிக்கும் குரல்களைக் குழைத்துச் செய்தது. கம்யூனிச அரசொன்றின் வானொலிக்குள் இருந்து மனித உரிமைப் பிரகடனம்! இசைக்கூடத்துக்குள் தணிக்கையாளருக்குக் காது கேட்பதில்லைப் போலும். பின்னாளில் நோர்வே அரசு ஒஸ்லோ அரண்மனைப் பூங்காவில் கலைஞருக்கென ஒதுக்கிய 'குரொத்தன்' வீட்டை இவருக்கு வழங்கியது. 2010இல் அவர் இறந்தபோது நாடே அவரைத் தன் இசையமைப்பாளராகக் கொண்டாடியது.

ஆனால் அது சபைக்குரிய இசை. நிலவறைகளிலும் மாணவர் அறைகளிலும் வளர்ந்தது வேறொன்று: ரெக்னோ. அதன் தாய்வீடு அமெரிக்காவின் டிட்ரொயிற். எண்பதுகளில் அங்கிருந்த கறுப்பின இளைஞர்கள் ஜெர்மனியின் 'கிராவ்ற்வேர்க்' குழுவைக் கேட்டு, மலிவான தாளப்பெட்டிகளில் தங்களுக்கான ஒன்றைச் செய்துகொண்டார்கள். அது நோர்வேக்குள் நுழைந்த வழிகளில் முக்கியமானது ஒஸ்லோவல்ல. வடதுருவ வட்டத்துக்கு மேலே இருக்கும் ட்றொம்சோ.

அந்த ஊர்க்காரர் மூவர் நடத்திய 'பெல் கான்ரோ' குழுவின் முதல் இசைத்தட்டு 1987இல் வெளிவந்தது. வெளியிட்டது பிரசல்ஸின் 'கிராம்ட் டிஸ்க்ஸ்' நிறுவனம். அதன் தலைப்பே பனிமூட்டத்தில் கண் தெரியாமற் போவதைக் குறிப்பது. ஆக, பனியைத் தேடி வந்தவர்களை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. மூவரில் ஒருவரான கெயிர் யென்சன் பிரிந்து போய் 'பயோஸ்பியர்' என்ற பெயரில் தனியே இயங்கினார். அவருடைய ஊர்க்காரர் பேர் மார்ட்டின்சன், 'மென்ரல் ஓவர்டிரைவ்' என்ற பெயரில் 1990இல் தன் இசைத்தட்டை பெல்ஜியத்தின் கென்ற் நகரத்து நிறுவனமொன்றின் மூலம் வெளியிட்டார். ட்றொம்சோவிலிருந்து ஒஸ்லோவுக்கு இருந்த தூரத்தைவிட பெல்ஜியத்துக்கு இருந்த தூரம் குறைவு என்றே தோன்றுகிறது. தலைநகரங்களின் காதுகள் எப்போதும் தங்கள் பக்கமே திரும்பியிருப்பவை.

1995இல் யென்சனின் பாட்டொன்றை லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரம் எடுத்துக்கொண்டது. சிறு வட்டத்துக்குள் இருந்த இசை ஐரோப்பாவின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்தது. அதே அச்சில் இன்னொன்று வார்த்திருந்தால் பணம் கொட்டியிருக்கும். 1997இல் அவர் வெளியிட்ட 'சப்ஸ்ட்ராட்டா'வில் ஆடுவதற்கான தாளமே அநேகமாக இல்லை. வெளியிலிருந்து வரும் செல்வாக்கு என்றவுடன் நாம் ஒலிகளைத்தான் நினைக்கிறோம். காசும் ஒரு செல்வாக்குத்தான்; அதற்கு முதுகு காட்டுவதும் ஒரு பாணியை உருவாக்கும். அடுத்த ஆண்டு அவரும், 'டெத்புரொட்' என அறியப்பட்ட ஹெல்கெ ஸ்டேனும் சேர்ந்து நூர்ட்ஹைமின் பழைய ஒலிநாடாக்களை மீள உருக்கி ஒரு தட்டு வெளியிட்டார்கள். வார்சோவும் ட்றொம்சோவும் சந்தித்த இடம் அது.

ஒஸ்லோவில் அடுத்து வந்தவர்கள் ஜாஸ்காரர்கள். பூகெ வெசல்தொப்ட் 1996இல் ஜாஸுக்குப் புதிய கருத்தாக்கம் என்று தலைப்பிட்டே ஒரு தட்டு வெளியிட்டார். மறு ஆண்டு நில்ஸ் பெத்தர் மொல்வேரின் 'க்மேர்' வந்தது. சூலா தீவில் பிறந்தவர், கம்போடிய மக்களின் பெயர், மியூனிக் நகரத்து நிறுவனம்! சுழன்று சுழன்று வரும் இயந்திரத் தாளத்தின் மேல் ட்ரம்பெற் தனியே அழுகிறது. 1998இல் ஆக்கர் ஆற்றங்கரையில், பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றில் 'புளோ' திறந்தபின் இந்தக் கலப்புக்கு ஒரு வீடும் கிடைத்தது. என் காதுக்கு இதில் வரவும் உண்டு, செலவும் உண்டு. இயந்திரத்துக்கு மூச்சு கிடைத்தது. ஆனால் ரெக்னோவில் முகமில்லை, மேடையில்லை, நட்சத்திரமில்லை, ஆடுபவனே சபை. ஜாஸ்காரர் வந்ததும் கதிரைகள் வந்தன, தனி ஆவர்த்தனத்துக்குக் கைதட்டும் பழக்கம் வந்தது.

கால்களை மறுபடி தரைக்கு இழுத்தவர்களும் ஒஸ்லோவுக்கு வெளியூரார். ஸ்தவாங்கரிலிருந்து ஹன்ஸ்-பீத்தர் லின்ட்ஸ்ட்ரெம், ஹாமாரிலிருந்து பிரின்ஸ் தூமாஸ். ரெக்னோவின் ஓட்டத்தைக் குறைத்து, எல்லோரும் கேலி செய்து தூக்கிப்போட்ட எழுபதுகளின் டிஸ்கோவை அவர்கள் தூசிதட்டி எடுத்தார்கள். லின்ட்ஸ்ட்ரெமின் 2005ஆம் ஆண்டுப் பாட்டின் தலைப்பே, 1977இல் மியூனிக்கில் ஜோர்ஜியோ மொரோடர் என்ற இத்தாலியர் டொனா சமர் என்ற கறுப்பினப் பாடகிக்காகச் செய்த பாட்டை நினைவூட்டுவது. இருவரும் சேர்ந்து செய்த முதல் தட்டை வெளியிட்டதும் கென்ற் நகரத்து நிறுவனமே. இதற்குத்தான் உலகம் 'நோர்வேஜிய விண்வெளி டிஸ்கோ' என்று பெயர் வைத்தது.

இதிலெல்லாம் நமக்கென்ன என்று கேட்கலாம். நாமும் வடக்கின் மீன் நகரங்களிலிருந்து ஒஸ்லோவுக்கு இறங்கி வந்தவர்கள்தான். வந்து, வார இறுதி வகுப்புகளில் பிள்ளைகளுக்கு மிருதங்கமும் வயலினும் பரதமும் பழக்கினோம். நல்லதுதான். ஆனால் சபைக்குள் எதை எடுத்து வந்தோம், எதை வாசலில் விட்டோம் என்பதும் கணக்கில் வரவேண்டும். செத்தவீட்டுக்கும் கோயில் வெளிவீதிக்கும் உரியதென்று ஊரில் ஒதுக்கப்பட்ட பறைக்கு அரங்கேற்ற மேடைகளில் நெடுங்காலம் இடமிருக்கவில்லை. சாதி விசா இல்லாமலே நம்மோடு விமானமேறிய பொருள்.

அந்தக் கதவு திறந்தது வேறு பக்கத்தால். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986இல் அகதியாக லண்டன் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம், 'மாயா' என்ற எம்.ஐ.ஏ., ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியோடு தொடங்கினார். தந்தையின் இயக்கப் பெயரையே தலைப்பாக்கி 2005இல் 'அருளர்' வெளியிட்டார். தாயின் பெயரிட்ட 'கலா' 2007இல் வந்தது. அதற்காகச் சென்னையில் ஒலிப்பதிவு செய்தபோது அவர் தேடிப் பிடித்தது வீணையையல்ல, உறுமியை. வளைந்த குச்சியால் ஒரு பக்கத் தோலைத் தேய்க்க எழும் அந்த முனகல், லண்டன் நிலவறை இசையின் அடித்தளத்தில் போய் உட்கார்ந்தது. இதுவும் ஒரு பாட்டோ என்று முகம் சுழித்த நம்மவர் பலர். அவர்களுடைய பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஒஸ்லோவின் சுரங்க ரயிலில் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனார்கள்.