வழக்கில் வாழும் அணிகள்

தொல்காப்பியத்திற்குச் சிறப்புப்பாயிரம் யாத்த பனம்பாரனார், அந்நூல் வழக்கு, செய்யுள் என்னும் இரண்டனையும் முதலாகக் கொண்டு எழுந்தது என்கிறார். வழக்கு முன்னும் செய்யுள் பின்னுமாக அவர் வைத்த முறை கருதத்தக்கது. மக்கள் நாவில் வழங்கும் பேச்சையும் புலவர் பாட்டையும் ஒருங்கே நோக்கிய இலக்கண மரபு அது. அணியிலக்கண வரலாற்றில் அந்நோக்கு எங்கே மங்கிற்று, எங்கே எஞ்சி நின்றது என்று காண்பது கவிதை நெஞ்சினர்க்குப் பயன் தரும்.

பொருளதிகாரத்தின் 7ஆம் இயல் உவமவியல். வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் வழி உவமையைத் தொல்காப்பியர் அதில் விரித்துரைக்கிறார். பிற்காலத்தார் வகுத்த அணிகள் பலவற்றிற்கு அந்நூலில் தனிப் பெயர் இல்லை. எனினும் சொல் தன் நேர்ப்பொருளை விட்டு விலகி நிற்கும் இடங்களை அவர் காணாது விடவில்லை. ஆகுபெயரை வேற்றுமை மயங்கியலிலும், அவையில் கூறத்தகாததை மறைத்துக் கூறும் முறையை எச்சவியலிலும் வைத்தார். இவையிரண்டும் சொல்லதிகாரத்தைச் சார்ந்தவை. கொடியை நட்டவன் 'வெற்றிலை நட்டேன்' என்பான். மகளை எச்சரிக்கும் தாய் 'ஊர் சிரிக்கும்' என்பாள். இலையின் பெயர் கொடிக்கும், ஊரின் பெயர் ஊராருக்கும் ஆகி வந்தன. இருவரும் இலக்கணம் கற்றவர் அல்லர். அவர்களிடமிருந்தே இலக்கணம் கற்றது.

11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில், புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் எழுத்து, சொல், பொருள், யாப்பு என்பவற்றோடு அலங்காரத்தையும் ஐந்தாம் பகுதியாக்கிற்று. 12ஆம் நூற்றாண்டில், வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவித் தண்டியலங்காரம் தோன்றியது. அது பொருளணிகளை 35 எனத் தொகுத்தது. 16ஆம் நூற்றாண்டில் திருக்குருகைப் பெருமாள் கவிராயரின் மாறனலங்காரம் அத்தொகையை 64 ஆக விரித்தது. நுட்பமான வேறுபாடுகளுக்குப் பெயர் கிடைத்தது பெரும்பேறே. ஆனால் எடுத்துக்காட்டுகள் செய்யுளாகவே அமைந்தன. அணி என்பது பாட்டுக்கு மட்டும் பூட்டும் நகை என்னும் எண்ணம் இதனால் வேரூன்றியது. அணியின் பெயரையும் அதற்குரிய பாட்டையும் மனப்பாடம் செய்த மாணவன், அதே அணி தன் வீட்டுத் திண்ணையில் ஒலித்தபோது அடையாளம் காணவில்லை.

பழைய நோக்கு எஞ்சி நின்ற இடம் நன்னூல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலில் இன்று கிடைப்பன எழுத்தும் சொல்லுமே. அணிக்கெனத் தனிப்பகுதி இல்லை. ஆயினும் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என அது மூன்றாகப் பகுத்துரைக்கிறது. 'கால் கழுவி வந்தான்' என்பது முதலாவது. இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பது இரண்டாவது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது மூன்றாவது. அணியியல் இல்லாத நூல், வாழ்க்கையின் அணிகளைக் காத்துத் தந்தது.

செய்யுளின் அணியும் பேச்சின் அணியும் ஒரே வேரின என்பதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாட்டு சான்று. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், அவன் படைக்கலங்கள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் இருப்பதைப் புகழ்கிறார். தம் தலைவன் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். போர் காணாத படை எது, போரில் பழகிய படை எது என்பதைத் தொண்டைமான் உணர்ந்துகொள்ள வேண்டும். புகழ்வது போலப் பழிக்கும் இம்முறையைத் தண்டியாசிரியர் இலேசவணியுள் அடக்கினார்; பள்ளி நூல்கள் வஞ்சப்புகழ்ச்சி என்றன. பெயர் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அணி இருந்தது. வாக்களித்து மறந்தவனைப் பார்த்து 'உன்னைப் போல் சொன்ன சொல் காப்பவர் உண்டா?' என்று கேட்பவரிடம் அது இன்றும் இருக்கிறது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று கடன் வாங்கப் போகும் மகனுக்குத் தந்தை சொல்வதும் ஒட்டணியே; ஆற்றைச் சொல்லிக் கடனை உணர்த்துகிறார்.

அணியறிவு கவிஞர்க்கு மட்டும் உரியதன்று என்பதற்கு வலுவான காரணம் ஒன்றுண்டு. கேட்பவர் மனம் கூசாதிருக்கவும் துயருற்றவர் மேலும் வருந்தாதிருக்கவுமே மறைத்துக் கூறும் வழக்குத் தகுதியெனப் பட்டது. இன்றைய பொதுவாழ்விலோ கட்டண உயர்வு 'கட்டணச் சீரமைப்பு' ஆகிறது; வேலையிலிருந்து நீக்குதல் 'ஆட்குறைப்பு' ஆகிறது. உருவத்தில் இவையும் மங்கலமே. ஆனால் இங்கே காக்கப்படுவது கேட்பவர் நெஞ்சம் அன்று, சொல்பவர் செயலே. துஞ்சினார் என்ற சொல் துயரைப் பகிர்ந்துகொண்டது. ஆட்குறைப்பு என்ற சொல் வேலையிழந்தவனைக் கணக்கில் ஓர் எண்ணாக்கிவிடுகிறது. ஒரே அணி அருளுக்கும் பயன்படும், மறைப்புக்கும் பயன்படும். எது எதுவெனப் பிரித்தறிய, அணியின் பெயரை அறிவது போதாது. யார், யாருக்கு, எதற்காகச் சொன்னார் என்று வினவுதல் வேண்டும்.

உவமையைப் பாட்டில் தேடுவோர் சந்தையிலும் வயலிலும் அலுவலகத்திலும் செவி சாய்ப்பாராயின், பனம்பாரனார் வழக்கை முன்வைத்த முறையின் பொருள் விளங்கும். கவிஞர்க்கு அங்கே புதிய அணிகளும் கிடைக்கும். அணியின் பின்னே ஒளிந்திருக்கும் உண்மையும் கிடைக்கும்.