பணிப்பாளர் சபைகளும் அமைச்சரின் அதிகாரமும்

அமைச்சர் மாறினால் கூட்டுத்தாபனத் தலைவரும் மாறுவது இலங்கையில் நெடுங்கால வழமை. இதற்குச் சட்டமே இடமளிக்கின்றது. 1957 ஆம் ஆண்டின் 49 ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டத்தின் கீழ் பணிப்பாளர்களை நியமிப்பவர் அமைச்சரே. காரணம் கூறாது அவர்களை நீக்கவும் அவரால் முடியும். அத்தகைய அச்சத்துடன் ஆசனத்தில் அமர்ந்திருப்பவர், அமைச்சர் தமது தொகுதியினருக்கு வேலை கேட்கும்போது மறுப்பாரென எவ்வாறு எதிர்பார்ப்பது?

2001 இல் 17 ஆவது திருத்தம் உருவாக்கிய அரசியலமைப்புப் பேரவை ஆணைக்குழுக்களையும் சில உயர் பதவிகளையும் மட்டுமே கவனித்தது. 2022 இன் 21 ஆவது திருத்தம் மத்திய வங்கி ஆளுநரின் நியமனத்துக்கும் பேரவையின் அங்கீகாரத்தை அவசியமாக்கிற்று. கூட்டுத்தாபனங்களோ அப்போதும் வெளியிலேயே விடப்பட்டன. அவற்றின் நட்டத்தைச் சுமப்பது மக்களின் வரிப்பணம். நியமனம் பெறுவோரின் தகைமைகளையேனும் பெயர்களுடன் வர்த்தமானியில் வெளியிடச் சட்டம் திருத்தப்பட வேண்டுமென நாம் கோருகின்றோம்.