ஒற்றை எழுத்தில் திறந்த பூட்டு

மண்டைதீவு மக்களுக்குப் பெயர்ப்பட்டியல் என்பது வெறுந்தாள் அன்று. 1990 ஓகஸ்ட்டில் இராணுவம் தீவில் இறங்கியதையடுத்து ஊர் இடம்பெயர்ந்தது, பலர் காணாமற்போயினர். அவர்களைப் பற்றிப் பத்திரிகையாளரிடம் பேசியவர்களின் பெயர்கள் எவர் கையில் அகப்படும் என்பது நெடுங்காலம் உயிரோடு தொடர்புடைய வினாவாகவே இருந்தது. அப்பெயர்களை நாம் முதலில் குறிப்பேட்டில் எழுதினோம். பிற்காலத்தில் கணினியில் ஏற்றினோம். குறிப்பேட்டைக் கூரைக்குள் செருகலாம். கோப்பை எங்கே செருகுவது?

1998 இல் வெளிவந்த விண்டோஸ் 98, வீட்டுக் கணினியை மனத்திற்கொண்டு உருவானது. ‘இக்கோப்பு இன்னாருக்குரியது’ என்று குறித்துவைக்க அதன் ‘ஃபாட்’ கோப்பு முறையில் இடமே இல்லை. தொடக்கத்தில் கடவுச்சொல் கேட்கும் பெட்டியை ‘கான்சல்’ அழுத்தி மூடினாலும் உள்ளே நுழையலாம். மைக்ரோசொப்ட் நிறுவனமே 1993 இல் வெளியிட்ட விண்டோஸ் என்.ரி.யில் கோப்புக்கு உரிமையாளரும் அனுமதியும் இருந்தன. ஆனால் அதற்கு வலுவான கணினி வேண்டும், விலையும் அதிகம்.

வலையமைப்பில் இணைந்த கணினிகளிடையே கோப்புறையைப் பகிரும்போது கடவுச்சொல் இடும் வசதி விண்டோஸ் 98 இல் இருந்தது. அந்தப் பூட்டும் பழுது என்பது 2000 ஒக்டோபரில் தெரியவந்தது. கடவுச்சொல்லின் நீளம் எவ்வளவு என்பதைக் கேட்பவரே சொல்லலாம். கணினி அந்த நீளத்துக்கு மட்டுமே ஒப்பிட்டுப் பார்க்கும். நீளம் ஒன்று என்று சொன்னால் முதலெழுத்துப் பொருந்தினாலே கதவு திறக்கும். ஆகக்கூடியது 256 முயற்சிகள் போதும். விண்டோஸ் 95, 98, எம்.ஈ. மூன்றிலும் இக்குறை இருந்தது. திருத்தம் உடனே வெளியிடப்பட்டது. ஆயினும் இரண்டு ஆண்டுகளின் பின், 2002 இல், ‘ஒபசேர்வ்’ என்னும் புழு இதே ஓட்டை வழியாகப் பரவியது. திருத்தத்தை நிறுவாத கணினிகள் அத்தனை இருந்தன.

இவ்வகைக் குறை புதிதன்று. 1962 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி.யில் அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், கடவுச்சொற் கோப்பை அச்சிடுமாறு துளையிட்ட அட்டையொன்றைக் கொடுத்தார். கணினி மறுகேள்வியின்றி அச்சிட்டுக் கொடுத்தது!

விண்டோஸ் 98 க்கான ஆதரவு 2006 யூலை 11 உடன் முடிவுற்றது. அதே ஆண்டு மே 2 இல் யாழ்ப்பாணம் ‘உதயன்’ அலுவலகத்துள் துப்பாக்கிதாரிகள் புகுந்து ஊழியர் இருவரைக் கொன்றனர். துப்பாக்கியோடு வருபவருக்குக் கடவுச்சொல் எதற்கு?

அப்படியாயின் எழுதாமலே விடலாமா? விட்டால் காணாமற்போனவர் இரண்டாந்தடவையும் காணாமற்போவார். 2018 இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகத்தின் முன் நிற்கும் உறவினருக்கும் பதிவே சான்று. எனவே காணாமற்போனவரின் பெயரைப் பலவிடத்தும் பதிவுசெய்வோம். தகவல் தந்தவரின் பெயரை அதே கோப்பில், அதே கணினியில் வைக்காதிருப்போம். எந்த இயங்குதளம் வந்தாலும் இவ்விரண்டையும் பிரித்துவைக்கும் பொறுப்பு எழுதுபவருடையதே.