நான்காவது குண்டு: காந்தி கொலை வழக்கில் ஒரு கணக்குச் சரிபார்ப்பு

போன கட்டுரையில் ஜி.எஸ்.டி. பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்தாயிற்று. இந்தத் தடவை ஒரு கொலை வழக்கு.

காந்தியை எத்தனை குண்டுகள் துளைத்தன? மூன்று என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் 2017-ல் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. மும்பையைச் சேர்ந்த பங்கஜ் பட்னிஸ் என்பவர் மனுப் போட்டார். பாய்ந்தது நான்கு குண்டு, நான்காவதைச் சுட்டவன் கோட்ஸே இல்லை, வேறு ஒருவன், இதன் பின்னால் பிரிட்டிஷ் ரகசியப் படை இருக்கலாம், எனவே வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

நான் சட்டம் படிப்பவன் இல்லை, பி.காம். மாணவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், ஒரு பேரேட்டைச் சரிபார்ப்பது போல இதைப் பார்க்கிறேன்.

நடந்தது என்ன?

1948 ஜனவரி 30, மாலை 5 மணி 17 நிமிடம். டெல்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பிரார்த்தனைக்கு நடந்து போன காந்தியை நாதுராம் கோட்ஸே மிக அருகில் நின்று சுட்டான். அங்கேயே பிடிபட்டான். துப்பாக்கி இத்தாலியில் செய்த பெரட்டா 1934 மாடல். அன்றே துக்ளக் ரோடு காவல் நிலையத்தில் நேரில் பார்த்த நந்தலால் மேத்தாவின் வாக்குமூலம் பதிவானது. அந்த முதல் தகவல் அறிக்கை உருதுவில் இருக்கிறது. நம் ஆம்பூர், வாணியம்பாடி நண்பர்கள் பலர் மொழிபெயர்ப்பு இல்லாமலே படித்துவிடலாம். அதில் சொல்லியிருப்பது மூன்று முறை சுட்டதாக.

இருப்புக் கணக்கு

மனுதாரரின் கணக்கு இதுதான். துப்பாக்கியில் ஏழு தோட்டா பிடிக்கும். போலீஸ் கைப்பற்றியபோது சுடாத தோட்டா நான்கு இருந்தது. ஆக அதிலிருந்து போனது மூன்றே மூன்று. பத்திரிகைகளில் நான்கு என்று வந்திருக்கிறது. அப்படியானால் நான்காவது வேறு துப்பாக்கி!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடக்க இருப்பு ஏழு என்பதற்கு ஆதாரம் என்ன? ஏழு என்பது பெரட்டாவின் மேகஸின் கொள்ளளவு. குழலின் பின்பகுதியில் ஒரு தோட்டாவை ஏற்றிவிட்டு மேகஸினை மறுபடி நிரப்பினால் மொத்தம் எட்டு. எட்டில் நான்கு மீதி என்றால் நான்கும் அதே துப்பாக்கியிலிருந்தே போயிருக்கலாமே! கோட்ஸே எட்டு போட்டிருந்தான் என்று நான் சொல்லவில்லை. நான்கு குண்டு என்றே ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும் இரண்டாவது துப்பாக்கி நிரூபணமாகாது என்றுதான் சொல்கிறேன். குடோனின் கொள்ளளவைச் சரக்கிருப்பு என்று எழுதினால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

ஓட்டைகளை எண்ணுவது

காந்தியின் செயலாளர் பியாரிலால் காயங்களைத் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார். வயிற்றுப் பக்கம் பாய்ந்த ஒன்றும் விலா எலும்புகளுக்கு இடையே பாய்ந்த ஒன்றும் முதுகுப் பக்கம் வெளியேறின. வலது மார்பில் பாய்ந்த மூன்றாவது நுரையீரலில் தங்கிவிட்டது. குண்டு மூன்று, ஆனால் உடம்பில் துளை ஐந்து!

நம் ஊர் டேனரிகளில் தோலைத் தரம் பிரிப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். மடித்த தோலில் ஒரு ஆணி இறங்கினால் விரிக்கும்போது இரண்டு ஓட்டை இருக்கும். ஓட்டையை எண்ணிவிட்டு ஆணியை எண்ணியதாகச் சொல்ல முடியாது. கூட்டமும் கூச்சலுமாக இருந்த இடத்திலிருந்து அவசரமாகப் போன பத்திரிகைச் செய்தியில் எண்ணிக்கை மாறுவது அதைவிடச் சுலபம்.

வவுச்சர் எங்கே?

எண்ணிக்கை மட்டும் கணக்காகாது, வவுச்சர் வேண்டும். துப்பாக்கி வழக்கில் அந்த வவுச்சர் வெற்றுத் தோட்டாவும் குண்டும். சுடும்போது ஊசி தோட்டாவின் அடியில் குத்திய தடம், கூட்டை வெளியே தள்ளும் உறுப்பின் கீறல், குழலின் வரிப்பள்ளங்கள் குண்டின் மேல் போட்ட கோடுகள், இவையெல்லாம் அந்தத் துப்பாக்கியின் கையெழுத்து மாதிரி. சம்பவ இடத்தில் எடுத்த கூடுகளும் குண்டுகளும் கோட்ஸேயின் துப்பாக்கியுடன் பஞ்சாபின் பில்லௌர் ஆய்வகத்தில் ஒப்பிடப்பட்டன. பொருந்தின. இரண்டாவது துப்பாக்கிக்கு இப்படி ஒரு கூடுகூட யாரும் காட்டவில்லை.

அமெரிக்காவிலும் இதே மூன்றா நான்கா சண்டை நடந்தது. 1963-ல் கென்னடி கொலையில் ஆறாவது மாடியில் கிடைத்த வெற்றுத் தோட்டா மூன்று. 1979-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று, போலீஸ் ரேடியோ ஒலிப்பதிவை வைத்து, நான்காவது வெடியும் இருந்திருக்கலாம் என்றது. 1982-ல் தேசிய அறிவியல் அகாதமியின் குழு அந்த ஒலிகளே கொலைக்குச் சுமார் ஒரு நிமிடம் பிந்தியவை என்று காட்டியது. அங்கும் கையில் எடுத்துப் பார்க்க நான்காவது கூடு இல்லை.

நியாயமான ஒரு குறை

மனுதாரர் பக்கம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். காந்தியின் உடலுக்குப் பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. வெளிக் காயங்களை மருத்துவர் பார்த்துப் பதிந்ததோடு சரி. உலகமே பார்த்த ஒரு கொலையில் அது பெரிய குறைதான். சந்தேகம் நுழைய அந்த ஒரு கதவு போதும். ஆனால் பேரேட்டில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் அங்கே நமக்குப் பிடித்த தொகையை எழுதிக்கொள்ளலாமா?

உச்ச நீதிமன்றம் மூத்த வழக்கறிஞர் அமரேந்திர சரணை ஆவணங்களைப் பார்க்கச் சொன்னது. துப்பாக்கி, குண்டுகள், சுட்டவன், சதி எல்லாம் உரிய முறையில் அடையாளம் காணப்பட்டவை, மறுவிசாரணைக்கு வலுவான காரணம் இல்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். 2018 மார்ச் 28-ல் நீதிபதிகள் எஸ்.ஏ.பாப்டே, எல்.நாகேஸ்வர ராவ் அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது.

இதெல்லாம் ஏன் முக்கியம்?

எழுபது வருடம் கழித்து ஒரு குண்டு கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். "வேறு ஒருவன்" வந்துவிட்டால், இருந்தவர்கள் மேல் உள்ள பழி கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அதனால்தான் முக்கியம். செங்கோட்டை விசாரணையில் 1949 பிப்ரவரி 10-ல் தண்டனை பெற்றவர்கள் ஏழு பேர். சாவர்க்கர் விடுதலையானார். மேல்முறையீட்டில் இன்னும் இருவர் விடுதலை. நவம்பர் 15-ல் அம்பாலா சிறையில் கோட்ஸேயோடு தூக்கிலிடப்பட்ட நாராயண் ஆப்தே ஒரு குண்டும் சுடவில்லை. நீதிமன்றம் எடை போட்டது சதியை. கோட்ஸேயும் தன் மேல்முறையீட்டில், தான் கொன்றதை மறுக்கவில்லை, சதி என்பதை மட்டும்தான் மறுத்தான்.

நாளைக்கே நான்காவது குண்டு கிடைத்தாலும் இந்த எட்டு மாதத் தீர்ப்பில் கோட்ஸேயின் பக்கத்தில் ஒரு வரிகூட அழியாது. கேள்வி கேட்பது தப்பே இல்லை. அடுத்த தடவை வாட்ஸப்பில் "மறைக்கப்பட்ட உண்மை" என்று வந்தால், அனுப்பியவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணா, வவுச்சர் இருக்கா?"